வளையத்துக்குள் இரண்டு புள்ளிகள்

மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆராயும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவறிலிருந்து இதைத் தொடங்குகிறேன். சேமிப்பில் இருந்த கிளெப்சியெல்லா பாக்டீரியா ஒன்றை, கிருமிகள் வளர்வதற்கான கூழ் ஊற்றிய அகார் தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்து, இரவு முழுவதும் இன்குபேட்டரில் விட்டிருந்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது ஒரு வில்லையைச் சுற்றி அகன்ற, தெளிவான வளையம் விழுந்திருந்தது. அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் வளையத்தின் உட்புறத்தில், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, குண்டூசித் தலை அளவில் இரண்டு வெண்புள்ளிகள் இருந்தன. காற்றிலிருந்து விழுந்த வேறு ஏதோ கிருமி என்று நானாகவே முடிவு செய்து, வளையத்தின் விட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு, தட்டை அழிப்பதற்கு அனுப்பிவிட்டேன். குறிப்பேட்டின் ஓரத்தில் மட்டும் "உள்ளே 2 புள்ளிகள்" என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஓரக் குறிப்பைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "அந்தப் புள்ளிகள் எங்கே?" என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. யாருடைய சிகிச்சையும் அந்தத் தட்டைச் சார்ந்து இருக்கவில்லை என்பது மட்டுமே அன்று எனக்கு ஆறுதல். சோதனையைத் திரும்பச் செய்தபோது வளையத்துக்குள் மீண்டும் புள்ளிகள் முளைத்தன. இம்முறை வேறு இடத்தில். அவற்றைத் தனியே எடுத்து வளர்த்து அடையாளம் பார்த்ததில் அவையும் அதே கிளெப்சியெல்லாதான். அவற்றை மட்டும் தட்டில் பரப்பி அதே மருந்தை வைத்தபோது வளையமே விழவில்லை. வில்லையின் விளிம்பு வரை பாக்டீரியா படர்ந்திருந்தது.

மருந்து எதிர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக முக்கியமான விஷயத்தை அந்த இரண்டு புள்ளிகளே கற்றுக்கொடுத்தன. அதைச் சொல்வதற்கு முன் அந்தத் தட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆல்ஃபிரட் பாயர், வில்லியம் கிர்பி, ஜான் ஷெரிஸ், மார்வின் டர்க் ஆகிய நால்வர் 1966-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறை இது. பார்வைக்கு மிக எளியது. பாக்டீரியாவை உப்புநீரில் கலக்கி, குறிப்பிட்ட அளவு கலங்கலாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கலங்கலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 20 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, முல்லர்-ஹின்டன் அகார் தட்டின் மேல் இடைவெளி இல்லாமல் பூச வேண்டும். பிறகு 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லைகளை வைக்க வேண்டும். வில்லையிலிருந்து மருந்து அகாருக்குள் கசிந்து நாற்புறமும் பரவும். தள்ளிப் போகப் போக அதன் செறிவு குறையும். ஒருபுறம் மருந்து பரவிக்கொண்டிருக்க, மறுபுறம் பாக்டீரியா இரட்டித்துக்கொண்டே போகும். எந்த இடத்தில் மருந்தின் செறிவு பாக்டீரியாவைத் தடுக்கப் போதாமல் போகிறதோ அங்கே வளையத்தின் விளிம்பு உருவாகிறது. மறுநாள் நாம் அளப்பது அந்தப் போட்டியின் முடிவைத்தான்.

அகாரின் கனம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக ஊற்றிவிட்டால் வளையம் பெரிதாகிவிடும். எதிர்க்கும் கிருமிகூட அடங்கும் கிருமியைப் போலத் தோற்றம் தரும். கலங்கல் அடர்த்தியாகிவிட்டால் வளையம் சுருங்கும். மருந்துச் சோதனைகளுக்கு விதிமுறை வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் இதற்கென்று எளிதில் நினைவில் நிற்கும் விதி ஒன்றை வைத்திருக்கிறது: கலக்கிய 15 நிமிடங்களுக்குள் தட்டில் பூச வேண்டும், பூசிய 15 நிமிடங்களுக்குள் வில்லைகளை வைக்க வேண்டும், வைத்த 15 நிமிடங்களுக்குள் இன்குபேட்டருக்குள் சேர்த்துவிட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இவை வெறும் சடங்காகத் தோன்றும். ஒரு நாள் வேண்டுமென்றே அரை மணி நேரம் தாமதித்து, இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்து அளந்து பார்க்கச் சொன்னால் அந்த எண்ணம் போய்விடும்.

எல்லா மருந்துக்கும் இந்த முறை உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். கொலிஸ்டின் என்ற மருந்து, மற்றவை பயனற்றுப்போன பிறகு மருத்துவர்கள் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. அதன் மூலக்கூறு பெரியது. அகாரில் சரியாகப் பரவாது. அதனால் அதன் வளையத்தை நம்ப முடியாது. பாக்டீரியா வளரும் திரவ ஊடகத்தில் மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தச் செறிவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பதுதான் அதற்குச் சரியான வழி. கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய நிலையில் இருக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் அறிவித்தபோது உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் பழைய மாதிரிகளை எடுத்துத் திரும்பச் சோதித்தன. ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் கிடந்த மாதிரிகள் பலவற்றில் அந்த மரபணு ஏற்கெனவே இருந்தது தெரியவந்தது.

இனி அந்த இரண்டு புள்ளிகளுக்கு வருகிறேன். "கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சிலர் இன்னும் ஒரு படி போய் "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்பார்கள். இரண்டாவது முழுத் தவறு. எதிர்ப்பது பாக்டீரியாதான், நம் உடம்பு அல்ல. முதலாவது அவ்வளவு வெளிப்படையான தவறு அல்ல. ஆகவே அதைத் திருத்துவது கடினம். பழகுதல் என்றால், ஒரே உயிர் ஒரு துன்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கக் கற்றுக்கொள்வது. என் தட்டில் நடந்தது அது அல்ல. நான் பூசிய கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மிகச் சில, வில்லையை வைப்பதற்கு முன்பே அந்த மருந்தைத் தாங்கக்கூடியவையாக இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது. அதனால் அவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைத்தன. ஒவ்வொரு புள்ளியும் அப்படித் தப்பிய ஒரே ஒரு பாக்டீரியாவின் வம்சம்.

இதை எனக்கு முன்பே அழகாக நிரூபித்தவர்கள் எஸ்தர் லெடர்பெர்க்கும் ஜோஷுவா லெடர்பெர்க்கும். 1952-இல் வெளிவந்த அவர்களுடைய சோதனையில் முக்கியக் கருவி ஒரு வெல்வெட் துணி. உருளைக் கட்டை ஒன்றின் முகத்தில் வெல்வெட்டைக் கட்டி, மருந்து இல்லாத தட்டில் வளர்ந்திருந்த பாக்டீரியாக் குடியிருப்புகளின் மேல் அதை மெல்ல ஒற்றினார்கள். துணியின் நுண்ணிய இழைகள் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் சில பாக்டீரியாக்களை, அவை இருந்த இடம் மாறாமல் எடுத்துக்கொண்டன. அந்தத் துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தட்டில் ஒற்றியபோது ஓரிரு இடங்களில் மட்டும் வளர்ச்சி இருந்தது. முதல் தட்டில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்த பாக்டீரியாவை எடுத்து வளர்த்தார்கள். முதல் தட்டில் இருந்தவை அந்த மருந்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இருந்தும் அவற்றிலிருந்து மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க முடிந்தது. எதிர்ப்பு மருந்துக்கு முன்பே அங்கு இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

முழு உண்மையைச் சொல்வதானால், சில பாக்டீரியாக்கள் மருந்து வந்த பிறகு தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு மரபணுவை முடுக்கிவிட்டு, மருந்தைச் சிதைக்கும் நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்வதும் உண்டு. பழகுதல் என்ற சொல்லுக்கு ஓரளவு பொருந்துவது அது ஒன்றுதான். அங்கேயும் அந்த மரபணு முன்பே இருந்தாக வேண்டும்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாடுவானேன் என்று கேட்கலாம். நாம் எந்தச் சொல்லைக் கொண்டு சிந்திக்கிறோமோ அதற்கேற்றபடியே சிகிச்சையையும் அமைக்கிறோம் என்பதுதான் என் பதில். காசநோயின் வரலாறு இதற்குச் சாட்சி. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948-இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் 55 பேர் அந்த மருந்தைப் பெற்றார்கள். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் தரப்பட்டது. 6 மாதங்களின் முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். அந்தக் காலத்தில் அது பெரும் வெற்றி. ஆனால் மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரின் சளியில் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத காசநோய்க் கிருமி சில மாதங்களுக்குள்ளேயே மேலோங்கியிருந்தது. பல ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது இரு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிப்போயிருந்தது.

கிருமி பழகிவிட்டது என்று எண்ணியிருந்தால், அந்த மருந்தை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடங்குவதே வழி என்று தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டாவது மருந்தும் அதே கதியை அடையும். எதிர்ப்பவை முன்பே உள்ளே இருக்கின்றன என்று எண்ணினால் கணக்கு வேறு விதமாகப் போகும். ஒரு மருந்தைத் தாங்கும் கிருமி தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று, இன்னொரு மருந்தைத் தாங்குவது பத்துக் கோடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் ஒருசேரத் தாங்கும் கிருமி நூறு லட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒரு நோயாளியின் நுரையீரலில் அத்தனை கிருமிகள் இருப்பதில்லை. ஆகவே இரண்டு மருந்துகளை ஒரே நேரத்தில் கொடுத்தால், ஒன்றிலிருந்து தப்புபவற்றை மற்றொன்று பிடித்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசினுடன் பாஸ் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. இன்றும் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பது இந்த எளிய பெருக்கல் கணக்கின் அடிப்படையில்தான். நான் படித்த அறிவியலில் இத்தனை சிறிய கணக்கு இத்தனை உயிர்களைக் காத்த வேறு இடத்தை நான் கண்டதில்லை.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடமும் உண்டு. 1950-களில் ஜப்பானில் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் எதிர்க்கத் தொடங்கியது. தனித்தனி மாற்றங்கள் நான்கு ஒரே பாக்டீரியாவில் தற்செயலாகச் சேர்ந்திருக்க முடியாது. 1959 வாக்கில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடையைக் கண்டார்கள். நான்கு எதிர்ப்புகளும் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் கோத்தபடி இருந்தன. அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து அருகிலுள்ள மற்றொரு பாக்டீரியாவுக்கு, வேறு இனத்ததாயினும், தொடுகையின் மூலமாகவே கடந்து சென்றது. பிளாஸ்மிட் என்று நாம் அழைப்பது இதைத்தான். காசநோய்க் கிருமி இப்படிப் பகிர்ந்துகொள்வதில்லை. ஆகவே அங்கே பெருக்கல் கணக்கு செல்லுபடியாகிறது. குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை தாராளமாகப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே கணக்கு உடைந்துவிடுகிறது.

ஒரு மாத்திரையை விழுங்கும்போது அது நோய்க்கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. சிறுநீர்த் தொற்றுக்கோ தொண்டைப் புண்ணுக்கோ எடுத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக், எந்தத் தீங்கும் செய்யாமல் குடலில் வாழ்ந்துகொண்டிருக்கும் பல லட்சம் கோடி பாக்டீரியாக்களின் மேலும் படுகிறது. அங்கேயும் தாங்கக்கூடியவை எஞ்சிப் பெருகுகின்றன. பின்னொரு நாள் அவை தம் பிளாஸ்மிட்டை ஒரு நோய்க்கிருமிக்குக் கொடுக்கின்றன. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் எடுப்பதை நான் இவ்வளவு வன்மையாக எதிர்ப்பதற்கு இதுவே காரணம். அந்த மாத்திரையால் வைரஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. குடலில் மட்டும் ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது.

2019-இல் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றின் நேரடி விளைவாக இறந்தார்கள் என்று 2022-இல் வெளிவந்த விரிவான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. அத்தகைய தொற்றோடு தொடர்புள்ள மரணங்களைச் சேர்த்தால் 49 லட்சத்து 50 ஆயிரம். இந்த எண்களை நான் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறேன். ஆனால் என் அன்றாட வேலையில் என்னை உறுத்துவது வேறொன்று. அது தாமதம்.

இரத்தத்தில் தொற்று பரவி, அதிர்ச்சி நிலையில் ஒருவர் வரும்போது முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் எடுத்த இரத்தம், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் புட்டிக்குள் போகிறது. அதில் வளர்ச்சி இருப்பதாகக் கருவி அறிவிக்கப் பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ ஆகும். பிறகு அதைத் தட்டில் வளர்க்க ஓர் இரவு. எந்த மருந்துக்கு அடங்கும் என்று வில்லைகள் வைத்துப் பார்க்க இன்னோர் இரவு. அறிக்கை மருத்துவரின் கைக்குப் போகும்போது இரண்டு அல்லது மூன்று நாட்கள் கடந்திருக்கும். அதுவரை அவர் அனுபவத்தையும் அந்த மருத்துவமனையின் பழைய கணக்குகளையும் வைத்து ஊகித்துத்தான் மருந்து தருகிறார். எச்சரிக்கை உணர்வுள்ள மருத்துவர் தேவைக்கு மேல் வலிமையான மருந்தையே எடுப்பார்; அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். வலிமையான மருந்துகள் வீணாவதற்கு மருத்துவர்களின் கவனக்குறைவைக் காரணம் காட்டுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. பெரும்பாலும் அது எங்கள் ஆய்வகத் தட்டின் வேகத்தால் வரும் குறை.

காசநோயில் இந்தத் தாமதம் இன்னும் கொடியதாக இருந்தது. அந்தக் கிருமி இரட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஆகவே கல்ச்சர் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சளியிலிருந்து நேரடியாக மரபணுவைப் பெருக்கி, காசநோய் இருக்கிறதா, அதற்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை அது எதிர்க்கிறதா என்பதை இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லும் எக்ஸ்பெர்ட் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. அந்தக் கிருமியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பெரும்பாலும் ஒரே மரபணுவின் ஒரு சிறு பகுதியில் ஏற்படும் மாற்றத்தால் வருவதே இதைச் சாத்தியமாக்கியது. கிளெப்சியெல்லாவில் அந்த வசதி இல்லை. மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பல. மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. மருந்து நுழையும் வாசலை மூடிக்கொள்வதும் உண்டு. தேடிய மரபணு இருந்தால் எதிர்ப்பு இருக்கலாம் என்று சொல்லிவிடலாம். அது இல்லை என்றால் மருந்து வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. பாக்டீரியாவை மருந்தோடு விட்டு, வளர்கிறதா என்று பார்க்கும் பழைய வழியை இன்னும் கைவிட முடியாமல் இருப்பது இதனால்தான். அந்தப் பழைய வழியையே விரைவுபடுத்தி, கல்ச்சர் புட்டியிலிருந்து நேரடியாகத் தட்டில் பூசி, 4, 6, 8 மணி நேரங்களில் வளையத்தைப் படிக்கும் முறையை யூகாஸ்ட் வகுத்திருக்கிறது. ஓர் இரவை மிச்சப்படுத்தும் எந்த முறையையும் புது மருந்து ஒன்றுக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.

ஆனால் விரைவாகப் படிக்கும்போது ஓர் அச்சமும் சேர்ந்தே வருகிறது. 6 மணி நேரத்தில் வளையம் தெரியும். வளையத்துக்குள் இருக்கும் புள்ளி தெரியாது. ஒரே ஒரு பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் அளவு பெருக அதற்கு அந்த இரவு தேவைப்படுகிறது. வேகத்தையும் அந்தப் புள்ளியையும் ஒருசேரப் பெறுவது எப்படி என்பதே இப்போது எங்கள் குழு திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருக்கும் கேள்வி.

நான் முதலில் அழித்துவிட்ட புள்ளிகள் போய்விட்டன. இரண்டாம் முறை முளைத்தவற்றைக் கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில், அவை தோன்றிய மூலக் கிருமி இருக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மருந்தே இல்லாமல் வளரவிட்டால் அந்த எதிர்ப்பு மறையுமா என்று பார்ப்பதற்காகச் சில வாரங்களுக்கு முன் அவற்றில் ஒன்றை வெளியே எடுத்தேன். எதிர்ப்பைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவு. மருந்து இல்லாத இடத்தில் சுமை இல்லாதவை முந்தக்கூடும். ஆனால் அந்தச் செலவை ஈடுகட்டும் வேறு மாற்றங்கள் தோன்றிவிட்டால், எதிர்ப்பை விடாமலேயே அவை வேகமாக வளரப் பழகிவிடும் என்று எழுத வந்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வேகமாக வளர்பவை தேர்ந்தெடுக்கப்படும் என்று திருத்துகிறேன். தினமும் காலையில் நூறில் ஒரு பங்கை மட்டும் புதிய ஊடகத்துக்கு மாற்றுகிறேன். ஒரு நாளைக்கு 6 தலைமுறைக்குச் சற்று மேல். வாரத்துக்கு ஒருமுறை தட்டில் பூசி வில்லையை வைக்கிறேன். இதுவரை வளையம் திரும்பி வரவில்லை.